சாவா: ஒரு வயற்சொல்லின் பிறப்பிடம்

(டென்மார்க்கின் இஷொய் நகரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சொல். தண்ணீர் கட்டி நெல் விளைவிக்கும் வயலை மலாய் மொழியில் 'சாவா' என்பார்கள். சொல்லின் கடைசியில் ஹகரத்தின் மூச்சு லேசாகக் கேட்கும். தமிழில் அதைக் காட்டாமல் சாவா என்றே எழுதுகிறேன். காட்டை வெட்டி எரித்து, மழையை நம்பி மேட்டில் விதைக்கும் புனத்துக்கு 'லாடாங்' என்று வேறு பெயர். வில்லியம் மார்ஸ்டன் 1783-இல் வெளியிட்ட சுமத்திரா வரலாற்றிலேயே லாடாங் நெல், சாவா நெல் என்ற பாகுபாடு வந்துவிடுகிறது. கிளிஃபர்ட் கீர்ட்ஸ் ஜாவாவின் வேளாண்மை பற்றி 1963-இல் எழுதிய நூலுக்குப் பிறகு, உலக வேளாண் ஆய்வாளர்கள் மொழிபெயர்க்காமலே வழங்கும் சொல்லாக அது ஆகிவிட்டது.

கோதுமையும் பார்லியும் விளைகிற சீலாந்துத் தீவில், கோயெ விரிகுடாக் கரையில் கூடியிருக்கிற நமக்கு இந்தச் சொல் எதற்கு என்று கேட்கலாம். எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. இந்த மண்டபத்தில் இருக்கும் மூத்தவர்களில் பலர் வயலைக் காலால் அறிந்தவர்கள். கிளிநொச்சியில் இரணைமடுத் தண்ணீருக்குக் காத்திருந்தவர்கள், மன்னாரில் கட்டுக்கரைக்குளத்தின் கீழே விதைத்தவர்கள், மட்டக்களப்பில் வட்டைக்குள் இறங்கி வரம்பு கட்டியவர்கள். அவர்களுக்கு வயற்சொல்லின் வரலாறு தங்கள் வரலாறுதான். மற்றக் காரணம், சொற்களின் பிறப்பை ஆராய்கிற ஒழுங்கான வழியை உலகுக்குக் காட்டிய முதல் சிலரில் ஒருவர் இந்த நாட்டுக்காரர். அவரிடம் பிறகு வருகிறேன்.

மலாய் மொழியில் தமிழ்ச் சொற்கள் ஏராளம். கப்பல் அங்கே 'காப்பால்'. கடை 'கெடாய்'. பெட்டி 'பெத்தி', கட்டில் 'காத்தில்', முத்திரை 'மெத்தெராய்', மாம்பழம் 'மெம்பெலாம்'. வணிகத்தில் போடும் முதலை அவர்கள் 'மோடால்' என்கிறார்கள். நாம் சொல்லும் அதே முதல்தான். இந்தப் பட்டியலைப் படிக்கிற தமிழருக்கு மனம் பூரிக்கும், எனக்கும் பூரிக்கிறது. சுமத்திராவின் பாருஸ் துறையில் 1088-ஆம் ஆண்டு ஐந்நூற்றுவர் வணிகக் குழு பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அந்தத் துறைக்குப் பின்னால் மலைநாட்டில் வாழும் காரோ பத்தாக் மக்களில் சோலியா, பாண்டியா என்ற குலப்பெயர்கள் இன்றும் உள்ளன. ஆகவே அந்தக் கடலில் நம்மவர் போக்குவரத்து இருந்ததற்கு யாரிடமும் சான்றிதழ் கேட்க வேண்டியதில்லை.

இந்தப் பூரிப்பில்தான் ஓர் ஆபத்தும் இருக்கிறது. சாவா என்ற ஒலியைக் கேட்டதும் ஒருவருக்குச் 'செய்' நினைவுக்கு வரும். நன்செய், புன்செய் என்று நாம் வயலைச் சொல்கிறோம் அல்லவா. இன்னொருவருக்குச் 'சாவகம்' நினைவுக்கு வரும். ஜாவாவையும் அதைச் சூழ்ந்த தீவுகளையும் நம் பழைய நூல்கள் சாவகம் என்றன. 1247-இல் இலங்கைமேல் படையெடுத்த தாம்பரலிங்கத்து அரசன் சந்திரபானுவைச் சூளவம்சம் 'ஜாவகன்' என்கிறது. சாவகச்சேரியின் பெயரில் அந்தச் சாவகர் இருப்பதாகத் தென்மராட்சிக்காரர்கள் சொல்வார்கள். சாவகம், சாவா, செய் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் கயிறு அறுந்துவிடும். சாவகத்தின் முதல் எழுத்து ஜகரத்துக்குத் தமிழ் கொடுத்த உருவம். வயலைக் குறிக்கும் சாவாவில் இருப்பது தொடக்கத்திலிருந்தே ஸகரம். தமிழ்ச் சொற்கள் மலாயில் நுழையும்போது மனம் போனபடி உருமாறுவதும் இல்லை. 'கடை'யின் இறுதி ஐகாரம் கெடாயில் கேட்கிறது, 'முத்திரை'யின் ஐகாரம் மெத்தெராயில் கேட்கிறது. சொல்லின் முதலில் வரும் நம் வகரத்தை மலாய்க்காரர் பகரமாக வாங்கியிருக்கிறார்கள்: வகை 'பாகாய்' ஆயிற்று, விலங்கு 'பெலெங்கு' ஆயிற்று, வெடில் 'பெடில்' ஆகித் துப்பாக்கிக்குப் பெயராயிற்று. செய் என்பது போயிருந்தால் அதன் யகரம் எங்கே? சாவாவின் நடுவில் வகரம் எங்கிருந்து வந்தது? இதற்குப் பதில் சொல்லாமல் உறவு கொண்டாட முடியாது.

இப்போது அந்த டென்மார்க்காரர். ராஸ்முஸ் ராஸ்க் 1787-இல் ஃபூன் தீவில் பிறந்தவர். பழைய நோர்ஸ் மொழியின் தோற்றம் பற்றி அவர் எழுதிய நூல் 1818-இல் வெளிவந்தது. சொற்கள் ஒலியில் ஒத்திருப்பதைக் கொண்டு மொழிகளை உறவாக்குவது போதாது, ஒரு மொழியின் எழுத்து மற்ற மொழியில் எந்த எழுத்தாக வருகிறது என்பதில் ஒழுங்கு இருக்க வேண்டும் என்பது அவர் நிலை. பிள்ளைகளே, நீங்கள் பள்ளியில் நாள்தோறும் பேசும் டேனியச் சொற்களிலேயே இதைப் பார்க்கலாம். மீனுக்கு லத்தீனில் 'பிஸ்கிஸ்', டேனியத்தில் 'ஃபிஸ்க்'. தந்தைக்கு 'பாட்டர்', இங்கே 'ஃபாதர்'. கொம்புக்கு லத்தீனில் 'கோர்னு', இங்கே 'ஹோர்ன்'. பகரம் இருந்த இடத்தில் ஃபகரம், ககரம் இருந்த இடத்தில் ஹகரம், மீண்டும் மீண்டும், ஒழுங்காக.

ராஸ்க் 1820-இல் இந்தியா வந்தார். இலங்கைக்கும் போனார், சிங்கள எழுத்து பற்றிய அவருடைய நூல் 1821-இல் கொழும்பில் அச்சானது. ஓலைச்சுவடிகளோடு 1823-இல் கோப்பன்ஹேகன் திரும்பினார். திராவிட மொழிகளுக்குச் 'சித்திய' மொழிகளோடு உறவு உண்டு என்று முதலில் சொன்னவர் அவரே என்று கால்டுவெல் 1856-இல் எழுதுகிறார். அந்தக் கருத்து பிற்கால ஆராய்ச்சியில் நிற்கவில்லை. ஒலி ஒழுங்கு பார்க்கும் முறை மட்டும் நின்றது. அதைத்தான் நாம் சாவாவின்மேல் வைத்துப் பார்க்கப் போகிறோம்.

மலாயும் ஜாவா மொழியும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. தைவானில் தொடங்கிப் பிலிப்பைன்ஸ், போர்னியோ, சுமத்திரா, மேற்கே மடகாஸ்கர், கிழக்கே பசிபிக் தீவுகள் வரை பரந்த ஆஸ்திரோனேசியக் குடும்பம் அது. மலாயில் கல்லுக்குப் 'பத்து' என்று பெயர். மலேசியாவின் பத்துமலையால் நமக்கு அந்தச் சொல் பழக்கம். ஜாவா மொழியில் அதே கல் 'வத்து'. நிலவு மலாயில் 'பூலான்', ஜாவாவில் 'வூலான்'. சாம்பல் மலாயில் 'ஆபு', ஜாவாவில் 'ஆவு'. மலாய் பகரத்தை வைத்துக்கொண்டது, ஜாவா அதை வகரமாக்கியது. இந்த விதியைப் பிடித்துக்கொண்டு சாவாவைப் பார்த்தால், நடுவில் வகரம் இருப்பதால் அது ஜாவாவில் பிறந்து மலாய்க்கு வந்த சொல் என்று தோன்றும். சுமத்திராவின் மண்டாயிலிங் மொழியில் நீர்வயலுக்குச் 'சாபா' என்ற பெயர் இருப்பது இன்னும் வலு சேர்க்கிறது. பழைய வடிவம் சாபா, ஜாவாவில் அது சாவா, ஜாவாவிலிருந்து மலாய்க்கு. வழக்கு முடிந்தது போலிருக்கிறது.

ஆனால் முடியவில்லை. பிலிப்பைன்ஸின் தகாலோகு மொழியில் தாழ்வானதைப் 'பாபா' என்கிறார்கள். மலாயில் கீழே என்பதற்குப் 'பாவா'. போராட்டம் தகாலோகில் 'லாபான்', எதிர்ப்பது மலாயில் 'லாவான்'. அதாவது இரண்டு அகரங்களுக்கு நடுவே அகப்பட்ட பழைய பகரத்தை மலாயும் தானாகவே வகரமாக்கியிருக்கிறது. பத்துவும் பூலானும் ஆபுவும் அந்தச் சூழலில் இல்லை. சாபா அந்தச் சூழலில்தான் இருக்கிறது. ஆகவே சாவா மலாயின் பரம்பரைச் சொத்தாகவும் இருக்கலாம், ஜாவாவின் கொடையாகவும் இருக்கலாம். ஒலி விதி இந்த இரண்டு கதவையும் திறந்தே வைத்திருக்கிறது. சொல் அந்தத் தீவுகளின் சொந்தப் பிள்ளை என்பதில் மட்டும் இரண்டு வழியிலும் மாற்றமில்லை. நேர்மையான சொல்லாய்வு இந்த இடத்தில்தான் நிற்கும். இதற்கு மேல் ஒரே விடையாக வேண்டும் என்று அடம்பிடிப்பவர் விரும்பியதைச் சொல்கிறாரே தவிர, கண்டதைச் சொல்லவில்லை என்பது என் துணிபு.

எழுத்துச் சான்றில் முந்தி நிற்பது ஜாவாதான். கிழக்கு ஜாவாவில் கெடிரிப் பக்கத்தில் கிடைத்த ஹரிஞ்சிங் கல்வெட்டு 804-ஆம் ஆண்டுக்குரிய செய்தியைச் சொல்கிறது. பாரி என்ற பெயருடைய சமயப் பெரியவர் ஒருவர் ஹரிஞ்சிங் ஆற்றில் வேலை செய்து நீர்வழி அமைத்ததையும், அதற்காக அவருக்கு உரிமை கொடுத்ததையும் அது பதிவு செய்கிறது. தேதியோடு கிடைத்த பழைய ஜாவா மொழிப் பதிவுகளில் மிக முந்தியது அதுவே. ஒரு மொழியின் எழுத்து வரலாறு வாய்க்கால் வேலையில் தொடங்குகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்! அந்தப் பாரியின் வழித்தோன்றல்கள் 921-இலும் 927-இலும் தங்கள் உரிமையைப் புதுப்பித்துக்கொண்டார்கள்.

921 என்றதும் எனக்கு உத்திரமேரூர் நினைவுக்கு வந்தது. முதற் பராந்தகன் காலத்தில் உத்திரமேரூர்ச் சபை குடவோலை முறையைத் திருத்தி எழுதி வைத்த இரண்டாம் கல்வெட்டின் ஆண்டும் அதுவே. ஏரி வாரியத்துக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது, யாருக்குத் தகுதியில்லை என்று அங்கே ஒரு சபை உட்கார்ந்து முடிவு செய்தது. அதே ஆண்டு, கடலுக்கு அப்பால், ஓர் அணையைக் காத்த குடும்பத்தின் உரிமையை அரசு உறுதி செய்தது. இரண்டுக்கும் நேர்த் தொடர்பு இருந்ததாக நான் சொல்ல வரவில்லை. தண்ணீரைப் பங்கிட்டு நெல் விளைவிக்கும் எந்தச் சமுதாயத்துக்கும் விதிகளும் பொறுப்பாளரும் எழுத்தும் வேண்டியிருக்கின்றன.

9, 10-ஆம் நூற்றாண்டு ஜாவாவின் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் சாவா என்ற சொல் நிறைய வருகிறது. கோயிலுக்கு நிலம் விடும்போது சாவா இவ்வளவு என்று 'தம்பா' என்ற அளவில் குறிப்பார்கள். சோழர் கல்வெட்டில் வேலியும் மாவும் குழியும் வருவதற்கு அது ஈடு. தண்ணீரை மேற்பார்க்கும் ஊர் அலுவலருக்கு 'ஹுலாயிர்' என்று பெயர் இருந்தது. மட்டக்களப்பில் நாம் வட்டவிதானை என்கிறோமே, அந்த ஆள். பாலித் தீவில் 11-ஆம் நூற்றாண்டுப் பதிவுகளிலேயே பெயர் காணப்படும் 'சுபாக்' என்ற நீர்ச்சங்கம் இன்றும் வேலை செய்கிறது. மேல்மடைக்காரனும் கடைமடைக்காரனும் ஒரே சங்கத்தில் இருந்து, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று நீர்க்கோயிலில் கூடித் தீர்மானிக்கிறார்கள். யுனெஸ்கோ 2012-இல் அதை உலக மரபுச் சொத்தாக அறிவித்தது.

தென்னிந்தியாவின் கை இந்த வரலாற்றில் இல்லாமல் இல்லை. அது எங்கே இருக்கிறது என்பதைத்தான் சரியாகச் சொல்ல வேண்டும். மேற்கு ஜாவாவை 5-ஆம் நூற்றாண்டில் ஆண்ட பூர்ணவர்மன் கோமதி என்ற கால்வாயை வெட்டினான். 6,122 வில் நீளம், 21 நாளில் முடிந்த வேலை, பிராமணருக்கு ஆயிரம் பசு தானம் என்று துகுக் கல்வெட்டு சொல்கிறது. மொழி சமஸ்கிருதம், எழுத்து பல்லவ எழுத்து. சுமத்திராவின் மினாங்கபாவு மலைநாட்டில், பாறையைக் குடைந்து கொண்டுவந்த ஒரு நீர்க்காலின் ஓரத்தில், 14-ஆம் நூற்றாண்டு அரசன் ஆதித்தியவர்மனின் கல்வெட்டு இருக்கிறது. அகரேந்திரவர்மன் தொடங்கிய நீர்வழியை ஆதித்தியவர்மன் முடித்தான் என்பது செய்தி. ஒரு பகுதி சுமத்திராவின் எழுத்தில் இருக்க, மற்றொரு பகுதி தென்னிந்தியக் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கிரந்தப் பகுதி மிகவும் தேய்ந்து போய்விட்டது. மினாங்கபாவு சாவா வயல்களுக்குப் பேர் பெற்ற நாடு. அந்த நாட்டின் வாய்க்கால் ஓரத்தில் நம் பக்கத்து எழுத்தறிந்த ஒருவர் உளியோடு நின்றிருக்கிறார்.

ஆகவே எழுத்து போயிற்று, அரசனின் புகழைச் சொல்லும் மொழி போயிற்று, கடையும் கப்பலும் முதலும் போயின. வயலுக்குள் நம் சொல் இறங்கவில்லை. இறங்க வேண்டிய தேவையும் அங்கே இருக்கவில்லை. வணிகர் துறைமுகத்தில் இருந்தார்கள், உழுதவர்கள் உள்ளூர் மக்கள். எந்தச் சொல் போனது என்பதும், எது போகவில்லை என்பதும் சேர்ந்துதான் அங்கே நம்மவர் என்ன வேலை செய்தார்கள் என்பதைக் காட்டுகின்றன. போகாததையும் போனதாகச் சேர்த்துவிட்டால் அந்தச் சான்றையே அழித்துவிடுகிறோம். எனக்கு இதில் உண்மையான கவலை இருக்கிறது. ஒரு மக்கள் பல நூறு ஆண்டுகள் சேற்றில் நின்று ஆக்கிக்கொண்ட சொல்லை, அது எங்களுடையது என்று நாம் எடுத்துக்கொள்வது அந்த உழைப்பைப் பறிப்பதுதான். நம் சொற்களுக்கு அப்படிச் செய்தவர்களிடம் நாம் எவ்வளவு வருந்தியிருக்கிறோம்!

உறவில்லாத இரண்டு உழவர் மொழிகள் எவ்வளவு நெருங்கி வர முடியும் என்பதைப் பாருங்கள். வயலில் நிற்பது நெல், உமி நீக்கினால் அரிசி, சமைத்தால் சோறு. மலாய்க்காரருக்கு நிற்பது 'பாடி', உமி நீங்கினால் 'பெராஸ்', சமைத்தால் 'நாசி'. மூன்று நிலை, மூன்று சொல், ஒன்றுக்கொன்று ஒலித் தொடர்பே கிடையாது. பாடிக்குத் தகாலோகில் 'பாலாய்', தைவானின் பைவான் பழங்குடிகளிடம் 'பாடாய்' என்று உறவினர்கள் இருக்கிறார்கள். டேனியத்தில் வயலில் நின்றாலும் கிறிஸ்துமஸ் இரவில் பாற்கஞ்சியாக வந்தாலும் அது 'ரிஸ்' ஒன்றேதான். நெல் விளையாத நாட்டுக்கு அது போதும். அந்த ரிஸ் கிரேக்க 'ஒரிசா'வின் வழி வந்தது. அந்தக் கிரேக்கச் சொல் நம் அரிசிதான் என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஈரானிய மொழிகள் வழியாக அது போயிற்று என்று கருதும் ஆய்வாளர்களே மிகுதி என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

சடங்கிலும் இந்த நெருக்கம் உண்டு. மலாய் உழவர் நெல்லுக்கு உயிர் உண்டு என்று நம்பினார்கள். வால்டர் ஸ்கீட் 1900-இல் எழுதிய நூலில் இதை விரிவாகப் பதிந்திருக்கிறார். நெல்லின் உயிர் மிரண்டுவிடாதபடி, உள்ளங்கைக்குள் மறைகிற சிறிய கத்தியால் கதிர் கதிராக அறுப்பார்கள். நம் மட்டக்களப்பில் சூடு மிதிக்கும் களவெட்டிக்குள் இறங்கிவிட்டால் பேச்சே மாறிவிடும். அன்றாடப் பெயர்களை அங்கே சொல்லக் கூடாது. மாட்டை வாரிக்காலன் என்பார்கள். பொலி என்ற வார்த்தை வாயில் இருந்துகொண்டே இருக்கும். பேய் பிசாசு கேட்டுவிடக் கூடாது என்பது நம்பிக்கை. மலாய் நாட்டில் கர்ப்பூரம் எடுக்கக் காட்டுக்குள் போனவர்களும் இதேபோலத் தனிமொழி பேசினார்கள். விளைச்சலுக்கு முன்னால் மனிதர் கொள்ளும் அச்சமும் அடக்கமும் இரண்டு இடத்திலும் ஒரே வகையாக இருந்திருக்கின்றன.

உண்மையிலேயே இரு கரைக்கும் பொதுவாக இருக்கக்கூடிய சொல் ஒன்று வேளாண்மையில் உண்டு. அது கலப்பை. சங்க காலத்திலிருந்து தமிழில் 'நாஞ்சில்' என்ற பெயர் இருக்கிறது. நாஞ்சில் நாட்டின் பெயரிலும் அது நிற்கிறது. கன்னடத்தில் நேகிலு, தெலுங்கில் நாகலி. ரிக்வேதத்தில் 'லாங்கல'. கெமர் மொழியில் 'அங்கல்'. மலாயில் 'தெங்காலா'. பிரெஞ்சு அறிஞர் ழான் ப்ஷிலுஸ்கி சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்து, சமஸ்கிருதமும் இதை வெளியிலிருந்து வாங்கியது, மூலம் ஆஸ்திரோ-ஆசிய மொழிகளில் இருக்கிறது என்று வாதிட்டார். முண்டா, மோன், கெமர் முதலியவை அந்தக் குடும்பம். அவர் சொன்னது சரியென்றால், வங்கக் கடலைச் சுற்றியுள்ள அத்தனை நாட்டு உழவரும் கலப்பையின் பெயரை, அந்தக் குடும்பத்து மொழி பேசியவர்களிடம் கற்றுக்கொண்டார்கள் என்றாகிறது. சாவாவைத் தமிழாக்கக் காட்டும் ஊக்கத்தில் பாதியை நம் இளைஞர்கள் நாஞ்சிலின்மேல் காட்டினால் உண்மையான பயன் கிடைக்கும்.

மலாய்ச் சொல் நம் பக்கம் வந்த கதையையும் தொட வேண்டும். நீங்கள் வீட்டில் உடுத்தும் சாரம், 'சாரோங்'. சித்திரைக்குக் கிண்டும் தொதல், 'டோடோல்'. இலங்கையில் 1958-இல் வந்த நெற்காணிச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும், 1971-இல் அமைந்த நெற் சந்தைப்படுத்தல் சபையின் ஆங்கிலப் பலகையிலும் இருந்த 'பெடி' என்ற சொல், மலாயின் பாடிதான். வண்டியில் நெல் மூட்டையோடு போய் அந்தச் சபையின் களஞ்சிய வாசலில் வரிசையில் நின்றவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். உங்கள் தலைக்கு மேலே தொங்கிய பலகையில் ஒரு மலாய் உழவனின் சொல் இருந்தது.

கடைசியாக இந்த அவையிடம் ஒரு கோரிக்கை. டென்மார்க்கில் வாழும் நம் மூத்தவர்களிடம் இருக்கும் வயற்சொற்கள் இன்னும் ஒழுங்காகப் பதிவாகவில்லை. காலபோகம், சிறுபோகம், வட்டை, வரம்பு, களவெட்டி, போடியார், முல்லைக்காரன் என்பவை அகராதியில் கிடைக்கும். ஆனால் மடையைத் திறக்கும்போது சொன்ன சொல், மாட்டை வளைக்கையில் கொடுத்த குரல், இளநெல்லில் பால் கட்டும் பருவத்தின் பெயர், ஒவ்வொரு ஊரும் தன் தன் நெல்லினத்துக்கு வைத்த பெயர்கள், இவற்றில் பல வாயோடு இருக்கின்றன. ஜாவாவின் சாவாவுக்குச் செப்பேடு இருந்ததால் 1,200 ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் அதை ஆராய்கிறோம். கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொரு பேரப்பிள்ளையும் இந்தக் குளிர்காலத்தில் தாத்தாவிடமோ அம்மம்மாவிடமோ உட்கார்ந்து, விதைப்பிலிருந்து சூடு மிதிப்பு வரை அவர் சொல்வதை அவர் பேச்சிலேயே பதிவு செய்யட்டும். ஊரின் பெயர், குளத்தின் பெயர், எந்தப் போகம் என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். திருத்தமான தமிழுக்கு மாற்றக் கூடாது. அந்தப் பதிவுகளைச் சேர்த்து எழுத்தில் கொண்டுவரும் பொறுப்பை இந்த அறக்கட்டளை ஏற்குமானால், முதல் பட்டியலைத் தொகுத்துக் கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.